தேசிங்கு ராஜா தக்காளி ரசம் சாப்பிட்டாரா?

நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதிலிருந்து எனக்கு வேலை கூடிவிட்டது. அந்தப் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது நம்முடையது ஒன்றுதான். வெளியூர்களில் இருக்கும் நீங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோட்டை பார்க்க வருகிறீர்கள், அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். மகிழ்ச்சி. பெரியவர்கள் போர் எந்த ஆண்டு நடந்தது, பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்பதோ, "ராஜா என்ன தாத்தா சாப்பிடுவார்?" என்று. நாற்பது வருடம் வரலாறு நடத்தியவனுக்கு இதைவிட நல்ல கேள்வி அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. ஒரு பொடியன் "தக்காளி ரசம்" என்று பதிலையும் அவனே சொல்லிவிட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டது 1714-இல். அந்தக் காலத்தில் ரசம் உண்டு. புளி உண்டு, மிளகு உண்டு, சீரகம் உண்டு. தக்காளி ரசத்துக்கு வாய்ப்பில்லை. அவருக்கு முன்னால் இங்கே ஆண்ட நாயக்கர்கள், 1677-இல் கோட்டையைப் பிடித்த சிவாஜி, 1690 முதல் 1698 வரை மொகலாய முற்றுகைக்குள் இங்கே இருந்த ராஜாராம், வெளியே கூடாரம் போட்டுக் காத்திருந்த சுல்பிகர் கான், இவர்களில் ஒருவரும் தக்காளிக் குழம்பு சாப்பிட்டவர்கள் அல்லர். அக்பர் காலத்தில் அபுல் பாசல் தொகுத்த அயினி அக்பரியில் காய்கறி, பழங்களின் பட்டியல் விலையோடு இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அன்னாசிகூட அதில் இடம்பிடித்துவிட்டது. தக்காளி இல்லை. கோட்டைக்குள் நெல் கொட்டிவைத்த களஞ்சியத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி மலைமேல் எண்ணெய்க்கும் நெய்க்கும் கட்டிய கிணறுகளையும் காட்டியிருக்கிறேன். முற்றுகைக் காலச் சமையல் அவற்றுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் இன்று நம் வீட்டில் ஒரு நாள்கூட இல்லாமல் முடியாத இந்தப் பழம் எப்போது வந்தது?

தக்காளியின் காட்டு இனங்கள் தென்னமெரிக்காவின் மேற்கு ஓரம், இன்றைய பெரு, ஈக்வடார் பக்கத்தைச் சேர்ந்தவை. பட்டாணி அளவுப் பழம். அதைப் பெரிதாக்கித் தோட்டப் பயிராக ஆக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். 1521-இல் ஸ்பானியர் அஸ்டெக் தலைநகரைப் பிடித்த பிறகு, அங்கிருந்த சகாகுன் என்ற பாதிரியார் அந்த மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே எழுதிவைத்தார். அதில் சந்தையில் தக்காளி விற்பவரைப் பற்றியே ஒரு பகுதி உண்டு. பெரியது, சிறியது, மஞ்சள், சிவப்பு என்று வகைவகையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. நம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூறு கட்டி உட்கார்ந்திருப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இங்கே ஒரு சொல் கதை இருக்கிறது. தமிழாசிரியர் யாராவது படித்தால் மகிழ்வார்கள். அஸ்டெக் மொழியில் 'தோமாத்ல்' என்ற சொல் முக்கியமாகக் குறித்தது நாம் இன்று தக்காளி என்று சொல்லும் சிவப்புப் பழத்தை அன்று. மெல்லிய உறைக்குள் மூடிக் காய்க்கும் ஒரு பச்சைக் காயை. சிவப்புப் பழத்துக்கு 'ஷிதோமாத்ல்' என்று தனிப் பெயர். ஸ்பானியருக்கு வேறுபாடு பிடிபடவில்லை, இரண்டையும் 'தொமாத்தே' ஆக்கிவிட்டார்கள். இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 'தக்காளி' பழைய தமிழ்ச் சொல். சிவப்புப் பழம் வருவதற்கு முன்பே இருந்தது. வயல் வரப்பில் காய்க்குமே சொடக்குத் தக்காளி, உறையை நெற்றியில் அடித்து 'டப்'பென்று வெடிப்பீர்களே, அதுவும், வாய்ப்புண்ணுக்குக் கீரை கடைந்து தரும் மணத்தக்காளியும்தான் தக்காளி. புதுப் பழம் வந்தபோது 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளாக ஆக 'சீமை' உதிர்ந்துவிட்டது. வந்தவன் பெயரை எடுத்துக்கொண்டான், இருந்தவனுக்கு 'மண', 'சொடக்கு' என்று அடைமொழி ஒட்டிக்கொண்டது. மெக்சிகோவில் உறைக்குள் காய்க்கும் பழத்தின் பெயர் சிவப்புப் பழத்துக்குப் போனது. அதைப் பற்றி எதுவும் அறியாத தமிழ்நாட்டிலும், அதே குடும்பத்து உறைப் பழத்தின் பெயர் அதே சிவப்புப் பழத்துக்குப் போனது. இரண்டு ஊர்க்காரரும் செடியைக் கண்ணால் பார்த்தே உறவு கண்டுபிடித்திருக்கிறார்கள். வங்காளிகள் இதைக் கத்தரியோடு சேர்த்து 'பிலாத்தி பேகுன்', அதாவது சீமைக் கத்தரி, என்றார்கள். அதுவும் தவறில்லை, கத்தரி, மிளகாய், உருளை, சுண்டை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம்தான்.

இந்தியாவுக்குத் தக்காளியைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர் என்பது பொதுவான கருத்து. அவர்களுக்கும் செஞ்சிக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் இங்கே வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்திருக்கிறார். ஊரின் பெருமையையும் எழுதியிருக்கிறார். மயிலாப்பூரில் அவர்கள் குடியிருப்பு 1520-களிலிருந்தே உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்களில் சில நம் பக்கத்தில் மளமளவென்று இறங்கிவிட்டன. மிளகாய் அப்படி, மிளகு போல் உறைக்கும் காய் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பறங்கியர் பெயரில் பறங்கிக்காய். வேர்க்கடலையை நம் பக்கத்தில் என்ன சொல்கிறோம்? மல்லாட்டை. சென்னை மாணவர்கள் சிரிப்பார்கள். அது 'மணிலாக் கொட்டை'யின் நம்மூர் உச்சரிப்பு. பிலிப்பைன்சின் மணிலா ஊர் செஞ்சிக் களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறிப் பிரான்சின் மார்செய் துறைமுகம்வரை எண்ணெய் ஆட்டப் போனது.

தக்காளி மட்டும் தயங்கி நின்றது. ஐரோப்பாவிலேயே அப்படித்தான். இத்தாலியில் மத்தியோலி 1544-இல் அதைப் பற்றி எழுதினார். பத்து ஆண்டு கழித்து 'பொன் ஆப்பிள்' என்ற பெயரும் ஏறியது. ஆனால் அது நஞ்சுச் செடிகளின் உறவு என்பதால் பலர் அழகுக்கு வளர்த்தார்கள், தின்னப் பயந்தார்கள். நம்மவர்களுக்குப் பயம் காரணம் அல்ல என்று நினைக்கிறேன். தேவை இல்லை, அவ்வளவுதான். புளிப்புக்குப் புளிய மரம் தெருவுக்குத் தெரு நிற்கிறது. மாங்காய், எலுமிச்சை, மோர், புளிச்சக்கீரை இருக்கின்றன. காரத்துக்கு விலையுயர்ந்த மிளகை நம்பியிருந்த வீட்டில் மிளகாய் உடனே நுழைந்தது. புளிப்புக்குக் கதவு தட்டிய தக்காளியிடம் "இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று சொல்லியிருப்பார்கள்.

அதை மறுபடி கொண்டுவந்து ஊன்றியவர்கள் ஆங்கிலேயர். 1835-இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கினார்கள். அது கதீட்ரல் சாலையில் இருந்தது. வெளிநாட்டு விதைகளைத் தருவித்து விநியோகிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 1878-இல் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னையிலிருந்த ஆங்கிலக் குடும்பங்களுக்காகச் சமையல் புத்தகம் எழுதினார். அவர் தக்காளியைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். 1889 முதல் வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள்கள் பற்றிய அகராதியில், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராகிறது, வங்காளிகளும் பர்மியரும் புளிப்புக் குழம்பில் சேர்க்கிறார்கள் என்று இருக்கிறது. நம்மைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. கவனியுங்கள், தேசிங்கு ராஜா மறைந்து 175 ஆண்டு ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1750-இல் கோட்டையைப் பிடித்து, 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்து, பிறகு ஹைதர் அலி 1780-இல் வந்து, எல்லாரும் போய்ச் சேர்ந்து, கோட்டையில் ஆடு மேய ஆரம்பித்த பிறகுதான் தக்காளி நம் அடுப்படிக்கு வருகிறது.

இதற்கு ஆவணம் தேடி அலுவலகம் போகவேண்டாம். உங்கள் வீட்டுத் திதிச் சமையலைப் பாருங்கள். வாழைக்காய், பாகல், அவரை, கொத்தவரை, சேப்பங்கிழங்கு, மிளகு. தக்காளி, கோசு, கேரட், பீன்ஸ், உருளை பல வீடுகளில் கிடையாது. என் அத்தை "செத்தவங்களுக்குத் தெரியாத காய எப்படிப் படைக்கறது?" என்பார். சாத்திரக் காரணங்களை வேறுவிதமாகச் சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அத்தையின் காரணமே வரலாறாகப் படுகிறது. திதி இலை என்பது 200 ஆண்டுக்கு முந்தைய காய்கறிச் சந்தையை அப்படியே பிடித்துவைத்த படம். (பொங்கல் குழம்பில் மட்டும் பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் எப்படியோ உள்ளே வந்துவிட்டன. இரண்டுமே அமெரிக்கச் சரக்கு. இதைச் சொன்னபோது அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.)

சரி, துரைமார் தோட்டத்துச் செடி குடிசை வாசலுக்கு எப்படி வந்தது? விதை பொட்டலம் வாங்கி யாரும் போட்டிருக்க முடியாது. தக்காளிக்கு இரண்டு குணம் உண்டு, அவைதான் அதைக் கொண்டுவந்து சேர்த்தன.

முதலாவது, அதன் விதை வயிற்றில் சாகாது. கலபாகஸ் தீவுகளில் ஒரு காட்டுத் தக்காளியின் விதை எளிதில் முளைக்காமல் அடம்பிடித்தது. சார்லஸ் ரிக் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அதை அங்கத்திய ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். ஆமையின் வயிற்றிலிருந்து வெளியே வந்த விதை நன்றாக முளைத்தது. 1961-இல் இதை வெளியிட்டார்கள். நமக்கு ஆமை வேண்டாம். குப்பைமேடும் சாக்கடை ஓரமும் போதும். யாரும் விதைக்காமல் புறக்கடையில் தானாக முளைத்த தக்காளிச் செடி இல்லாத தெரு செஞ்சியில் உண்டா?

இரண்டாவதுதான் முக்கியம். தக்காளி தன் மகரந்தத்தைக்கொண்டு தானே கருத்தரிக்கும் செடி. அதன் காட்டு உறவினர் பலருக்கு வேறு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். அந்த ஊர்த் தேனீயை விட்டுவிட்டுத் தூர தேசம் வந்த தக்காளிக்கு, தானே காய்க்கும் செடிகள்தான் பிழைத்தன. பூவை உரித்துப் பார்த்தால் மகரந்தப் பைகள் கூம்பு போலச் சூலகத் தண்டைச் சுற்றி மூடியிருக்கும். இதனால் என்ன பயன்? நல்ல பழம் ஒன்றின் விதையை எடுத்துப் போட்டால், பெரும்பாலும் அதே பழம் திரும்பி வரும். பூசணி, பீர்க்கைபோலப் பக்கத்து வீட்டுக் கொடியோடு கலந்து குழம்பாது. படிக்காத ஒரு பெண், ஒரு பானைச் சாம்பலை வைத்துக்கொண்டு, ஒரு ரகத்தை ஐம்பது ஆண்டு காப்பாற்ற முடியும். என் அம்மா அப்படித்தான் செய்தார். இரண்டாம் காய்ப்பில் கோணல் இல்லாத பழத்தைச் செடியிலேயே கனியவிட்டு, அடுப்புச் சாம்பலில் பிசறி, பழைய வேட்டித் துணியில் ஒட்டிக் காயவைத்து, துணியோடு மடித்துப் பரண்மேல் வைப்பார். ஆடியில் துணியை உதறினால் நாற்றங்கால் தயார்.

வேளாண் அறிஞர்களும் இந்தக் கைகளிடமிருந்துதான் தொடங்கினார்கள். நாம் 'நாட்டுத் தக்காளி' என்று வாங்குவதில் பெரும்பகுதி பி.கே.எம். 1 என்ற ரகம். தேனி பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தின் விதையில் மரபு மாற்றம் தூண்டி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கினார்கள். காம்பைச் சுற்றித் தோள் பச்சையாக இருக்கும், தட்டை உருண்டை, நல்ல புளிப்பு. அன்னஞ்சியை யார் யார் எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்து வைத்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

இன்று கடையில் 'ஆப்பிள் தக்காளி', 'பெங்களூர்த் தக்காளி' என்று வருவது வீரிய ஒட்டு ரகம். நான் அதற்கு எதிரி அல்ல. தோல் தடிப்பாக இருப்பதால் மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரியில் கோயம்பேடுவரை நசுங்காமல் வருகிறது. இலைச்சுருள் நோயைத் தாங்கும் ரகங்கள் உண்டு. அது இல்லாவிட்டால் பாதி விவசாயிகள் பயிரையே விட்டிருப்பார்கள். ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் மறுதலைமுறையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று சப்பை என்று பிரிந்துவிடும். மெண்டலின் பட்டாணிப் பாடம் நினைவிருக்கும். ஆகையால் ஒவ்வொரு பட்டத்துக்கும் விதையைக் கடையில்தான் வாங்கவேண்டும். அந்தக் கைச்சங்கிலி அங்கே அறுகிறது.

விலைக் கதை உங்களுக்கே தெரியும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில ஊர்களில் 200-ஐத் தொட்டது. அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. இன்னொரு மாதம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டுவார்கள். இரண்டு செய்திக்கும் நடுவில், புறக்கடையில் நாலு செடி வைத்திருப்பவர் நிம்மதியாக ரசம் வைப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓர் ஆயா வருவார். வயது எழுபத்தைந்துக்கு மேல். அவர் கொண்டுவருவது ஓரம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய, தோல் மெல்லிய, கையில் எடுத்தாலே சாறு கசியும் பழம். மாலைக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். புளியே இல்லாமல் ரசம் வைக்கலாம், அப்படிப் புளிப்பு. பி.கே.எம். அல்ல, அதைவிடத் தட்டை, மடிப்பும் அதிகம். விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வாங்கறதா? எங்க மாமியா குடுத்தது" என்றார். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து வைத்திருக்கிறார். கணக்குப் போட்டால் ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே விதை, இரண்டு கைகளில்.

போன தை மாதம், "அடுத்த வெள்ளாமை இல்ல வாத்தியாரே" என்றார். அவர் குத்தகைக்குப் பயிர் செய்த நிலத்தில் மனை போட்டுவிட்டார்கள். கல் நட்டாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். விதையை என்ன செய்வீர்கள் என்றேன். கையை விரித்தார். ராஜகிரிமேல் ஒரு கல் பெயர்ந்தால் இன்று உலகமே கேட்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இதற்கு?

அவரிடம் இரண்டு கிலோ பழுத்த பழம் வாங்கிவந்து விதை எடுத்தேன். என் புறக்கடையில் பன்னிரண்டு செடி வைத்து ஒரு முறை காய்க்கவும் வைத்துவிட்டேன். பழம் மாறவில்லை, ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், மோந்து பார்த்து "எங்களுதுதான்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு விதை ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து. ஒரு மழை, ஓர் ஆடு, எனக்கு ஒரு காய்ச்சல் போதும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஆளுக்கு முப்பது விதை. பெங்களூரில் இருப்பவர், ஓசூர், சேலம், சென்னை மாடி, எங்கே இருந்தாலும் சரி. கொடுப்பதில் சட்டச் சிக்கலும் இல்லை. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும் உரிமை தருகிறது.

செய்யவேண்டியது அதிகமில்லை. செம்மண், மட்கிய எரு, கொஞ்சம் மணல் கலந்த தட்டில் அரை விரல்கடை ஆழத்தில் விதையுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். இருபத்தைந்து நாளில், நாற்று ஒரு சாண் வந்ததும், மாலை வேளையில் பிடுங்கி நடுங்கள். தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்தால் அதிலிருந்தும் வேர் விடும். செஞ்சியில் ஆடியிலும், மழை விட்டபின் கார்த்திகையிலும் விதைக்கலாம். சித்திரையில் பூக்கிற மாதிரி வைக்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, பாறை ராத்திரியிலும் அனல் விடுகிற ஊர் இது. மகரந்தம் கெட்டுப் பூ கொட்டிவிடும். இலை சுருண்ட செடியிலிருந்து விதை எடுக்கவேண்டாம், அதைப் பிடுங்கிவிடுங்கள்.

விதை எடுக்கும்போது முதல் பழத்தைத் தின்றுவிடாமல் நல்ல செடிகள் நாலைந்திலிருந்து ஒவ்வொரு பழம் ஒதுக்குங்கள். பிதுக்கிச் சாற்றோடு கிண்ணத்தில் இரண்டு நாள் மூடிவையுங்கள். நுரைத்து நாறும். பயப்படாதீர்கள்; விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது, அது கரையவே இந்தப் புளிப்பு. பிறகு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். நிழலில் காயவைத்துக் காகிதப் பொட்டலத்தில் மடித்து, ஆண்டைப் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை அழிந்துவிடும். நன்றாக உலர்ந்த விதை மூன்று நான்கு ஆண்டு தாங்கும்.

என்னிடம் நாற்பது பொட்டலம் மடித்து வைத்திருக்கிறேன். ஆடிக்குள் கேட்பவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஒரே நிபந்தனை: காய்த்ததும் அதிலிருந்து விதை எடுத்து, இரண்டு பேருக்காவது கொடுத்துவிட்டு, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரிவிக்கவேண்டும். பழைய வருகைப் பதிவேடு ஒன்று பாதி வெற்றாகக் கிடக்கிறது, அதில் எழுதிவைப்பேன். ஆயாவிடம் இந்த ரகத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "தக்காளிக்கு என்னய்யா பேரு, தக்காளிதான்" என்றார். பதிவேட்டில் தற்போதைக்கு 'மாமியார் தக்காளி' என்று எழுதியிருக்கிறேன்.